பூ பூக்குது, காய் நிக்கலையா? வீட்டுத் தோட்டத்தில் கையால் மகரந்தம் சேர்க்க ஒரு வழிகாட்டி

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு மாடியிலும் கொல்லையிலுமாகக் காய்கறி போட ஆரம்பித்து இது ஐந்தாவது வருஷம். முதல் இரண்டு வருஷமும் புடலும் பூசணியும் பந்தல் நிறைய பூத்தன. காய் மட்டும் நிற்கவில்லை. விரல் நீளப் பிஞ்சு மூன்றாம் நாள் மஞ்சளாகிச் சுருங்கி விழும். உரக்கடையில் சொன்னதைக் கேட்டு ‘பூ உதிராமல் இருக்க’ என்று டானிக் வாங்கி அடித்தேன், யூரியா வைத்தேன். அந்த இரண்டு வருஷத்தில் டானிக்குக்கு மட்டும் 640 ரூபாய் போனது. கொடி காடாக வளர்ந்தது, காய் இல்லை.

குறை உரத்தில் இல்லை. ஒவ்வொரு செடியின் பூவும் ஒவ்வொரு விதமாக அமைந்திருக்கிறது. அந்த அமைப்பைப் பார்க்காமல் நான் எல்லாச் செடிக்கும் ஒரே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் அந்த இரண்டு வருஷத்தை இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரி வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற மாதிரி நேரங்களைக் கொடுத்திருக்கிறேன்.

1. முதல் நாள்: ஒரு செம்பருத்தியைப் பிரித்துப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்குங்கள். ஐந்து இதழ் உள்ள சாதாரண ஒற்றைச் செம்பருத்தி ஒன்றைப் பறித்து, வெள்ளைத் தாள்மேல் வைத்து, பிளேடால் நெடுக்காகக் கீறுங்கள். அடியில் பச்சையாக இருப்பது புல்லிவட்டம். அதற்கு மேல் சிவப்பு இதழ்கள். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைச் சுற்றி மஞ்சள் பொட்டுப் பொட்டாக இருப்பவை மகரந்தப்பைகள். விரலில் ஒட்டும் மஞ்சள் தூள்தான் மகரந்தம். குழாயின் உச்சியில் ஐந்து சிறு குமிழ்கள் தெரியும். அதுதான் சூலகமுடி, மகரந்தம் வந்து உட்கார வேண்டிய இடம். அங்கிருந்து உள்ளே இறங்கும் மெல்லிய தண்டு சூலகத்தண்டு. அடியில் புல்லிவட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் உருண்டை சூலகப்பை. காயாக மாறுவது இந்தச் சூலகப்பை, விதையாக மாறுவது அதற்குள் இருக்கும் சூல்கள்.

இவ்வளவுதான் பாடம். இனி எந்தப் பூவைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: மஞ்சள் தூள் எங்கே, சூலகமுடி எங்கே, இரண்டும் ஒரே பூவில் இருக்கிறதா?

அடுக்குச் செம்பருத்தியைப் பிரித்தால் குழம்பிப் போவீர்கள். அதில் மகரந்தப்பைகளைத் தாங்கும் மகரந்தத்தாள்கள் பலவும் இதழாக மாறிவிட்டிருக்கும். அடுக்கு நந்தியாவட்டையும் அப்படித்தான். பார்க்க அழகு, பூஜைக்கு ஆகும். தேனீக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தேனீயை வரவழைக்க வேண்டுமென்றால் காய்கறிக்குப் பக்கத்தில் துளசியையும் ஒற்றை அடுக்குப் பூச்செடிகளையும் வையுங்கள். என் மாடியில் துளசி பூக்க விட்ட பிறகுதான் சிறு தேனீக்கள் தினமும் வர ஆரம்பித்தன.

2. விதை வாங்கும்போதே பில்லும் அட்டையும்

காய் நிற்காததற்குப் பழைய விதை, வகை தெரியாத விதையும் ஒரு காரணம். திறந்த டப்பாவிலிருந்து அள்ளிப் பொட்டலம் கட்டித் தரும் விதையை வாங்காதீர்கள். பாக்கெட்டில் வகையின் பெயர், குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதித்த தேதி, முளைப்புத்திறன் சதவீதம், எது வரை செல்லும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை, சான்று இல்லாமல் விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதைக்கு இளம்பச்சை அட்டை. முளைப்புத்திறன் சுரை, பாகல், புடல், பீர்க்கு, பூசணிக்குக் குறைந்தது 60 சதவீதம், கத்தரி, தக்காளிக்குக் குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும்.

பில் வாங்குங்கள். கிழித்த பாக்கெட்டைப் பில்லோடு சேர்த்து நோட்டில் ஒட்டிவையுங்கள். முளைக்காவிட்டால் கடைக்காரரிடம் பேசவும், வேளாண்மைத் துறையிடம் புகார் சொல்லவும் அது இரண்டும்தான் கையில் இருக்கும் சான்று. முதல் வருஷம் நான் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டேன். என் கொடி என்ன வகை என்றே யாருக்கும் சொல்ல முடியவில்லை.

கடலூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே பாலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலூர் 1 கத்தரி, பாலூர் 1 புடல் எல்லாம் அங்கிருந்து வந்த வகைகள்தான். வேலை நாளில், முன்பே போனில் விதை இருப்பைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

மானிய விலையில் மாடித்தோட்டப் பொருட்கள் கேட்கப் போகிறவர்கள் ஆதார் நகலும் போட்டோவும் எடுத்துப் போங்கள். ஆதாரில் உள்ள முகவரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாகூர்ப் பக்கம் வீடு, வேலைக்கும் கடைக்கும் கடலூர் என்று இருப்பவர்கள் இங்கே நிறைய. புதுச்சேரி முகவரி என்றால் புதுச்சேரி வேளாண்துறையைத்தான் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் அலைந்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

3. வாங்க வேண்டியவை

பெரிய செலவு இல்லை. நான் வாங்கியபோது ஆனது இது: ஓவியம் வரையும் மெல்லிய பிரஷ் இரண்டு 50 ரூபாய், சிறு பூதக்கண்ணாடி 120 ரூபாய், கலர் நூல்கண்டு 15 ரூபாய், 100 பக்க நோட்டு 30 ரூபாய். மெல்லிய வெள்ளைத் துணியில் உள்ளங்கை அளவு பைகள் பத்து, வீட்டிலேயே தைத்தது. ஆக 215 ரூபாய். பூதக்கண்ணாடி இல்லாமலும் சமாளிக்கலாம், போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். நோட்டை மட்டும் விடாதீர்கள்.

4. பட்டமும் நாள் கணக்கும்

கொடிக் காய்களுக்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் ஏற்றவை. நம் ஊரில் ஆடிப்பட்டத்துக்கு ஒரு கெடு உண்டு: ஐப்பசி, கார்த்திகை மழை. மழைத்துளி பட்டால் மகரந்தம் வீங்கி வெடித்துக் கெட்டுப்போகும். தூறும் நாளில் தேனீயும் வராது. ஆகவே ஆடி முதல் வாரத்திலேயே விதைத்துவிடுங்கள். விதைத்து 35 முதல் 45 நாளில் முதல் பூ வரும். பெண்பூ அதற்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து. புரட்டாசி பிறக்கும்போது நீங்கள் பிரஷ்ஷைக் கையில் எடுத்திருக்க வேண்டும். ஆவணி கடைசியில் விதைத்தவர்களுக்குப் பெண்பூவும் மழையும் ஒன்றாக வந்து நிற்கும்.

5. ஆண்பூ எது, பெண்பூ எது

எனக்கு இரண்டு வருஷம் தெரியாமல் போனது இதுதான். பூசணி, சுரை, புடல், பீர்க்கு, பாகல் எல்லாவற்றிலும் ஒரே கொடியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி.

பூவின் முகத்தைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். இதழுக்குக் கீழே குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெண்பூ. அந்தக் குட்டிக் காய்தான் சூலகப்பை. செம்பருத்தியில் அது இதழ்கள் ஒட்டியிருக்கும் இடத்துக்கு மேலே, பூவுக்குள் ஒளிந்திருந்தது, இங்கே இதழுக்குக் கீழே வெளியே தெரிகிறது. பாகலில் அது முள்ளு முள்ளாகப் பாகற்காய் மாதிரியே இருக்கும், புடலில் நீளமாக, பூசணியில் கோலி குண்டு மாதிரி உருண்டையாக. சுரையில் பூனை முடி போர்த்திய சின்னச் சுரைக்காய். கீழே ஒன்றுமில்லாமல் வெறும் காம்பு மட்டும் நீண்டிருந்தால் ஆண்பூ. புடலில் ஆண்பூக்கள் நீளமான காம்பில் கொத்தாக வரும், பெண்பூ ஒற்றையாக நிற்கும்.

இதில் புதியவர்கள் விழும் குழிகள் மூன்று.

முதலாவது: முதலில் வருபவை எல்லாம் ஆண்பூக்கள். அவை ஒருநாள் விரிந்து மறுநாள் உதிர்வது இயல்பு. அதைப் பார்த்துப் பதறி உரம் வைத்தேன் நான். யூரியா தரும் தழைச்சத்து கூடினால் கொடி தழைக்கும், ஆண்பூவே பெருகும். பெண்பூ வரும் வரை பொறுங்கள்.

இரண்டாவது: விழுந்த பிஞ்சைப் பார்த்து ‘காய் பிடித்து உதிர்ந்துவிட்டது’ என்று நினைப்பது. அந்தக் குட்டிக் காய் பூவுக்கு முன்பே இருந்தது. மகரந்தம் சேராததால் அது வளரவே இல்லை.

மூன்றாவது: கோவைக்காய். அதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. வேலியில் கிடந்த கொடியைப் பிடுங்கி நட்டால் எந்தக் காலத்திலும் காய்க்காத ஆண் கொடி வாய்க்கலாம். காய்த்துக்கொண்டிருக்கும் கொடியிலிருந்து குச்சி வெட்டி நடுங்கள்.

6. எந்தப் பூ எப்போது விரியும்

காலையில் மட்டும் தோட்டத்துக்குப் போனால் புடலுக்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பெண்பூ விரிவது ஒரே ஒரு முறை, சில மணி நேரம். அதைத் தவறவிட்டால் அந்தக் காய் போனதுதான்.

மஞ்சள் பூப் பூக்கும் பூசணி விடியும் முன் விரிந்து ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் வாடத் தொடங்கும். அதற்கு 6 முதல் 8 மணிக்குள் போங்கள். பாகலும் காலைப் பூ, அதே நேரம் சரி. சுரையும் புடலும் வெள்ளைப் பூக்கள், பொழுது சாய்ந்த பிறகு விரிபவை. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்காக அமைந்த பூக்கள் அவை, இருட்டில் வெள்ளைதான் கண்ணுக்குத் தெரியும். புடல் இதழின் விளிம்பு வெள்ளை நூலைப் பிரித்து விட்டதுபோல் விரிந்து நிற்பதை டார்ச் வெளிச்சத்தில் முதன்முதலாகப் பார்த்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதுவரை இரண்டு வருஷமாகக் காலையில் வாடித் தொங்கிய பூவைத்தான் பார்த்திருக்கிறேன். சுரைக்கு மாலை 6 முதல் 8, புடலுக்கு இரவு 7 முதல் 9 எனக்குச் சரியாக வருகிறது.

பீர்க்கு ஏமாற்றும். பூ மஞ்சள்தான், ஆனால் வரிப் பீர்க்கு மாலையில் விரியும். தேய்த்துக் குளிக்க நார் எடுப்போமே, அந்த நுரைப் பீர்க்கு காலையில் விரியும். நிறத்தை நம்பாமல் உங்கள் கொடியை இரண்டு நாள் கவனித்து நேரத்தை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

7. சேர்க்கும் முறை

முந்தைய நாளே மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டுகளை அடையாளம் கண்டு காம்பில் கலர் நூல் கட்டிவையுங்கள். இரவில் தேடுவது கஷ்டம்.

அன்று விரிந்த ஆண்பூ ஒன்றைக் காம்போடு பறியுங்கள். நேற்றுப் பூ ஆகாது. இதழ்களை மெதுவாகக் கிழித்து எடுத்துவிட்டால் நடுவில் மஞ்சள் தூள் பூசிய தண்டு மட்டும் கையில் நிற்கும். விரலால் தொட்டுத் தூள் ஒட்டுகிறதா என்று பாருங்கள். அதைப் பெண்பூவின் நடுவே சூலகமுடிமேல் மெல்லத் தடவுங்கள். பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீ வராத மாடியில் உங்கள் கை வராமல் காய் வராது. பாகல், புடல் மாதிரிச் சின்னப் பூக்களுக்குத்தான் பிரஷ் தேவைப்படும்.

பூசணியின் சூலகமுடி மூன்று பிரிவாக இருக்கும். மூன்றிலும் படும்படி தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் அந்தப் பக்கத்துச் சூல்களே கருவுறும், காய் ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் சூம்பிக் கோணலாக வளரும். கோணல் காயைப் பார்த்துச் சத்துக் குறைவு என்று சொல்வார்கள். நீங்கள் முதலில் மகரந்தத்தைச் சந்தேகியுங்கள். ஒரு பெண்பூவுக்கு இரண்டு, மூன்று ஆண்பூ செலவழித்தால் நல்லது. வேறு கொடியின் ஆண்பூவானாலும் பரவாயில்லை, இனம் ஒன்றாக இருக்க வேண்டும். சுரைப் பூவால் பூசணி காய்க்காது.

மழை வரும்போல இருந்தால் தடவிய பூவின்மேல் காகிதக் கப் ஒன்றைக் கவிழ்த்து நூலால் கட்டிவிடுங்கள். காலையில் எடுத்துவிடலாம்.

மூன்றாம் நாள் முடிவு தெரியும். பிஞ்சு பளபளப்பாகப் பெருத்து, காம்பு கனத்துக் கீழ்நோக்கி வளைந்தால் சேர்ந்துவிட்டது. பிஞ்சு மஞ்சளாகி நுனியிலிருந்து சுருங்கினால் சேரவில்லை. நன்றாகப் பெருத்த பிறகு அழுகினால் அது வேறு கதை. தோலில் ஊசி குத்தினது போன்ற புள்ளியும் அதில் பிசின் கசிவும் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பழ ஈ முட்டை வைத்திருக்கிறது. காய் பெருக்கத் தொடங்கியதும் துணிப்பையோ காகிதப்பையோ மாட்டிவிடுங்கள். பூவாக இருக்கும்போதே மாட்டினால் தேனீயையும் சேர்த்துத் தடுத்துவிடுவீர்கள்.

8. கத்தரி, தக்காளி: பிரஷ்ஷை உள்ளே வையுங்கள்

இவை இருபால்பூக்கள். ஒரே பூவில் இரண்டும் இருக்கும். கத்தரிப் பூவின் நடுவே மஞ்சளாகக் கூம்பு மாதிரி நிற்பவை மகரந்தப்பைகள். அவை மற்றப் பூக்களைப்போல் பிளந்து தூளைக் கொட்டுவதில்லை. நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வரும், உப்பு ஜாடி மாதிரி. ஆட்டினால்தான் விழும். கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்து ரீங்கரித்து அதிர வைக்கும். கூட்டில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வண்டு வராத இடமானால் காலை 8 முதல் 11 மணிக்குள் பூக்கொத்தின் காம்பை விரலால் நாலைந்து முறை சுண்டுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். தக்காளிக்கும் இதே வைத்தியம்.

கத்தரியில் இன்னொன்று. ஒரே செடியில் பூக்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் சூலகத்தண்டு நீண்டு மஞ்சள் கூம்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும், சிலவற்றில் கூம்பின் உயரத்துக்கே நிற்கும், சிலவற்றில் குட்டையாகி உள்ளேயே புதைந்திருக்கும். நீண்டதும் நடுத்தரமும் காய்க்கும். குட்டைத் தண்டுப் பூ காய்க்காது, எவ்வளவு டானிக் அடித்தாலும் உதிரும். உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் குட்டைத் தண்டுதான் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. நீண்ட தண்டுப் பூக்களே உதிர்ந்தால்தான் தண்ணீர், வெயில், பூச்சி என்று காரணம் தேட வேண்டும்.

கத்திரி வெயிலில் தக்காளி பூ உதிர்ப்பதற்கு மருந்து தேடாதீர்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் வெக்கையாக இருந்தால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். நிழல்வலை ஓரளவு உதவும், அவ்வளவே.

9. பப்பாளி, சீத்தா, பலா

பப்பாளிக் கன்று வாங்கும்போது வகையைக் கேளுங்கள். கோ 2, கோ 8 போன்றவற்றில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. கோ 7, ரெட் லேடி போன்றவற்றில் பெண் மரமும் இருபால் மரமும் வரும், வெறும் ஆண் மரம் வராது. கொல்லையில் ஒரே ஒரு கன்றுக்குத்தான் இடம் என்றால் இரண்டாவது ரகத்தையே வாங்குங்கள். முதல் ரகமானால் ஒரு குழிக்கு மூன்று, நான்கு கன்று வைத்து, பூத்த பிறகு பாருங்கள்: நீளமான கிளைத்த காம்பில் சிறு பூக்கள் தொங்கினால் ஆண், இலைக்கணுவில் தண்டை ஒட்டித் தடித்த மொட்டு நின்றால் பெண். தோப்பில் இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் விடுவார்கள். ‘கன்றைப் பார்த்தே ஆணா பெண்ணா சொல்லிவிடுவேன்’ என்று விற்பவரிடம் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பூக்கும் வரை கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை.

சீத்தாப்பூ இருபால்பூதான், ஆனாலும் தன் மகரந்தம் தனக்கு உதவாது. முதலில் பெண்ணாக இருக்கும், இதழ்கள் இலேசாகவே பிரிந்திருக்கும். அப்போது சூலகமுடி ஈரமாக ஏற்கத் தயாராக இருக்கும், மகரந்தம் இன்னும் வெளிவராது. பிறகு இதழ்கள் நன்றாக விரிந்து ஆணாகும், மகரந்தம் உதிரும். அதற்குள் சூலகமுடி காய்ந்துவிடும். நன்றாக விரிந்த பூவைத் தாள்மேல் உதறித் தூளைச் சேர்த்து, பாதி விரிந்த வேறொரு பூவுக்குள் பிரஷ்ஷால் விடுங்கள். நேரம் பார்க்க வேண்டாம், இதழைப் பாருங்கள். எங்கள் வீட்டு மரத்தில் இருபது பூவுக்கு இப்படிச் செய்ததில் பதினொன்று காய்த்தது.

பலாவுக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, பயப்படாமல் இருப்பதைத் தவிர. நடுவீரப்பட்டில் சித்தப்பா வீட்டுக் கொல்லையில் பலா முதல் தடவை பூத்தபோது, பிஞ்செல்லாம் கறுத்து விழுகிறது என்று நான் மருந்து வாங்கிக்கொண்டு போனேன். “அது ஆண்பூடா, தூள் கொட்டியாச்சு, வேலை முடிஞ்சுது, விழும்” என்றார் சித்தப்பா. மெல்லிய காம்பில் வரும் ஆண் மஞ்சரி, அதாவது ஆண்பூக்களின் கொத்து, மகரந்தம் உதிர்த்ததும் கறுத்து உதிரும். தடித்த காம்பில் நிற்பதுதான் காயாகும். பலாப்பழம் ஒரு பூ அல்ல, நூற்றுக்கணக்கான பெண்பூக்களின் தொகுப்பு. மகரந்தம் சேர்ந்த ஒவ்வொரு பூவும் ஒரு சுளை, சேராத பூக்கள் சுளைகளுக்கு நடுவே சடையாக நிற்கும். அடுத்த முறை சுளை குறைவான பழத்தை அரியும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

10. மருந்து அடிக்கும் நேரம்

வேப்பெண்ணெய்க் கரைசலானாலும் விரிந்த பூமேல் அடிக்காதீர்கள். பூசணி மூடிய பிறகு, புடல் விரிவதற்கு முன், வெயில் தணியும் 4 மணி வாக்கில் இலையின் அடிப்பக்கமாக அடியுங்கள். பக்கத்து மாடியிலும் தோட்டம் இருந்தால் அவர்களிடமும் இந்த நேரத்தைச் சொல்லுங்கள். தேனீ இரண்டு மாடிக்கும் பொதுவானது.

11. விதைக்கு விடும் காய்

வேறு ரக மகரந்தம் சேர்ந்தாலும் இந்த வருஷக் காயின் ருசி மாறாது. உள்ளே இருக்கும் விதை மாறியிருக்கும், அடுத்த வருஷம் விதைத்த பிறகுதான் தெரியும். அதே ரகம் வேண்டுமென்றால் விரிவதற்கு முந்தைய நாள் ஓர் ஆண் மொட்டையும் ஒரு பெண் மொட்டையும் துணிப்பையால் மூடுங்கள். விரிந்ததும் பையை எடுத்து, தடவி, பெண்பூவை மறுபடி மூடுங்கள். பிஞ்சு பெருக்கத் தொடங்கியதும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள், யாரும் சமையலுக்குப் பறித்துவிடாமல் இருக்க. கலப்பின (ஹைபிரிட்) விதையிலிருந்து வந்த கொடியில் இந்த வேலை வேண்டாம், அதன் பிள்ளைகள் தாயைப்போல் வராது.

ஓர் எச்சரிக்கை. எடுத்துவைத்த விதையில் வந்த சுரைக்காயை நறுக்கியதும் நுனியில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள், அந்தக் கொடியையும் பிடுங்கிவிடுங்கள். கசப்புச் சுரைக்காயும் அதன் சாறும் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும். சமைத்தாலும் அது போகாது.

காயைக் கொடியிலேயே முற்ற விட்டு, விதையை எடுத்து நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்ததும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ரகம், மகரந்தம் சேர்த்த தேதி, காய் பறித்த தேதி மூன்றையும் எழுதி வெளியே ஒட்டுங்கள். கடற்கரை ஊர் ஈரத்துக்கு மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். என் பாட்டில்களில் இப்போது புடல் மூன்று ரகம் இருக்கிறது, அடுத்த ஆடிக்கு.